மண்ணெண்ணெயில் ஓடிய காரும் இன்றைய கேள்விகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காரைப் பற்றிப் பேச்செடுத்தால், அது எப்படியும் சுற்றி வளைத்து 1990ஆம் ஆண்டில் போய் நிற்கும். அந்த ஆண்டு ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரமும் நின்று போயிற்று. வேறு ஊராக இருந்தால் கார்களெல்லாம் கோழிகள் அடைகாக்கும் கூடுகளாகியிருக்கும். யாழ்ப்பாணத்தில் அவை ஓடின. மண்ணெண்ணெயில் ஓடின!

ஓடியவை பெரும்பாலும் எவை தெரியுமா? 1940களின் கடைசியிலும் 1950களிலும் இங்கிலாந்தில் தயாரான ஒஸ்டின் ஏ-40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள். அவற்றின் கிழட்டுத்தனமே அன்று கைகொடுத்தது. எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் கலந்து, தீப்பொறி படுவதற்கு முன் நெருக்கப்படுகிறது. எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதுதான் கணக்கு. ஏ-40இல் அது ஏழு மடங்கு சொச்சம் மட்டுமே. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் மட்டமான எரிபொருளையும் எஞ்சின் சகித்துக்கொள்ளும்.

ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பெற்றோலைப் பொன்னைப் போலப் பாதுகாத்து வைத்திருந்து, காபரேட்டருக்குள் சில துளிகள் விட்டு, காரின் முன்பக்கத் துவாரத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயைத் திறந்து விடுவார்கள். வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் நெடி. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப் போகச் செய்யும். அதனால் ஒயிலை அடிக்கடி பார்க்காதவர் எஞ்சினையே இழந்தார். எஞ்சினின் சத்தம் சற்று மாறினாலும் காது கண்டுபிடித்துவிடும். பிரசவ வேதனையில் துடித்த பெண்களையும் மணமக்களையும் சுமந்து சென்றது இப்படிப்பட்ட கார்கள்தாம்.

இந்தக் கதையில் யாழ்ப்பாண முஸ்லிம்களின் பங்கு சில மாதங்களோடு முறிந்துவிட்டது. 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேர அவகாசத்தில் அவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வீடும் கடையும் வாகனமும் பின்னால் நின்றன. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது சிலர் திரும்பிப் பார்க்க வந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு இன்னும் பலர் வந்தார்கள். இன்று சோனகத் தெருப் பக்கம் வீடு கட்டியிருக்கும் குடும்பங்களில் பலவற்றுக்கு அடுப்பு இரண்டு: ஒன்று யாழ்ப்பாணத்தில், மற்றது புத்தளத்தில். தாய் ஒரு பக்கம், மகள் மறுபக்கம். ஒரு கலியாணம், ஒரு மையித்து என்றால் உடனே புறப்பட வேண்டும். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், காரின் சாவி பெண்ணின் கையில்தான்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரை அந்தச் சாவியை வைத்திருப்பவர்களுக்காகத்தான். வாகன விஷயத்தில் நமக்கு முதலில் புத்தி சொல்பவர்கள் வாப்பாவும் மாமாவும் காக்காவும். அவர்கள் கற்றது ஏ-40இலும் மொறிஸ் மைனரிலும். அவர்கள் சொல்வதில் பாதி தங்கம். மீதிப் பாதி இன்றைய வேகன் ஆருக்கும் அக்குவாவுக்கும் நஞ்சு! எது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் போதாதா?

போதாது. அதிலும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மழை நீர் அந்தக் கல்லினூடாக இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. உங்கள் வீட்டுக் கேத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதல்லவா? தண்ணீர் சூடாகும்போது அது படிகிறது. ரேடியேட்டரின் குழாய்களோ மிகவும் ஒடுங்கியவை. கேத்தலில் படிவதே அங்கும் படிந்தால் தண்ணீர் ஓட இடமேது? தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் இன்னும் மோசம். அங்கே சுண்ணாம்போடு உப்பும் சேர்கிறது. புதிய எஞ்சின்களில் அலுமினியம் அதிகம். உப்பு அதை அரிக்கும்.

பழைய ஆட்களும் இதை ஓரளவு அறிந்தவர்களே. மாரி மழையில் சுத்தமான பாத்திரத்தில் நேரே பிடித்த தண்ணீரை ஊற்றுவது, கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இன்றைய காருக்கு அதுவும் முழுமையான விடையல்ல. கூலண்ட் என்று விற்கப்படும் நிறத் திரவம் நிறத்துக்காக மட்டும் ஊற்றப்படுவதல்ல. அது துருவையும் அரிப்பையும் தடுக்கிறது. தண்ணீரைவிடக் கூடிய சூட்டில்தான் கொதிக்கிறது. கலந்து தயாராக விற்பதை வாங்குங்கள். காரின் கைநூலில் எந்த வகை என்று இருக்கிறதோ அதையே வாங்குங்கள். இரண்டு வகையைக் கலக்காதீர்கள். அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சினுக்கு ஒன்று, மின் பகுதிக்கு ஒன்று என்று கூலண்ட் டப்பா இரண்டு உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டு மூடியை மூடிவிடுபவர்கள் அனேகர்.

சூடு ஏறியதை எப்படி அறிவது என்று கேட்கலாம். பல சிறிய ஜப்பான் கார்களில் சூடு காட்டும் முள்ளே கிடையாது. காலையில் எரியும் நீல விளக்கு, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், தானே அணையும். அதே வடிவில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். ‘வீடு கிட்டத்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று எண்ண வேண்டாம். அந்தச் சிறு தூரத்தில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மொத்தத் துணியை வைத்து மூடியை மெல்லத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. வழியில் வேறு எதுவும் இல்லாவிட்டால் கடையில் வாங்கும் போத்தல் தண்ணீரை ஊற்றலாம். பிறகு கராஜில் அதை வடித்துச் சரியானதை ஊற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கலாம். பொனட்டைத் திறந்து குனியும்போது அபாயாவின் கையையும் முந்தானையையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் கலந்தால் என்ன?

இந்தக் கேள்வி 2022இல் மறுபடியும் எழுந்தது. அந்த வருடம் பெற்றோல் ஷெட்டுகளின் முன்னால் நாள் கணக்கில் வரிசை. ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயோ 87 ரூபாவில் நின்றது. பிறகு கியூ.ஆர். அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். ‘தொண்ணூறில் ஓடவில்லையா, இப்போது ஏன் ஓடாது?’ என்று நினைக்கத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெயை 340 ரூபாவாக உயர்த்தியபோதுதான் அந்த எண்ணம் அடங்கியது.

ஏன் ஓடாது என்பதற்கு மேலே சொன்ன கணக்கே பதில். ஏ-40இல் ஏழு மடங்கு. முதலாவது அக்குவாவின் எஞ்சினில் 13 மடங்குக்கும் மேல். அவ்வளவு நெருக்கத்தில் மண்ணெண்ணெய் தீப்பொறிக்குக் காத்திராமல் தானே வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்கு ஒப்பானது அது. போதாக்குறைக்குப் புகைக் குழாயின் நடுவே புகையைச் சுத்திகரிக்கும் கருவியொன்று இருக்கிறது. எரியாத எண்ணெய் அதையும் கெடுக்கும். அதை மாற்றும் செலவில் எத்தனை மாதப் பெற்றோல் அடிக்கலாம்!

92ஆ, 95ஆ என்பது அடுத்த கேள்வி. விலை கூடியது நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்த எண் எரிபொருளின் சத்தைக் காட்டுவதல்ல. நெருக்கத்தைத் தாங்கி, முந்தி வெடிக்காமல் இருக்கும் குணத்தையே காட்டுகிறது. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலின் எண் 90 அளவில்தான் இருக்கும். அந்தச் சாதாரணப் பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட கார்களுக்கு இங்குள்ள 92 தாராளம். 95 வேண்டுமென்று கைநூலோ தாங்கி மூடியோ சொல்லும் காருக்கு மட்டும் அதை அடியுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

கியரை நாமே மாற்றும் காரென்றால், பற்றரி சோர்ந்த நேரத்தில் நாலு பேர் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். ஒட்டோ கியர் காரைச் சோனகத் தெரு முழுவதும் தள்ளினாலும் பிடிக்காது. ஹைபிரிட்டிலும் அப்படியே. ஹைபிரிட்டில் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், 12 வோல்ட் சிறு பற்றரி செத்துவிட்டால் கார் விழிக்காது. அக்குவாவில் அந்தச் சிறு பற்றரி பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. பொனட்டைத் திறந்து தேடிக் களைத்துப் போகாதீர்கள். வேறு வாகனத்திலிருந்து மின்சாரம் எடுப்பதற்கென்று பொனட்டுக்குள் ஒரு முனை இருக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை யாரையாவது காட்டச் சொல்லிப் பார்த்து வையுங்கள். செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடவே கூடாது. அதில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் ஓடுகிறது.

பின் ஆசனத்தின் பக்கத்தில் ஒரு வலைக் கதவு போல இருப்பது பெரிய பற்றரி மூச்சு விடும் வழி. பிள்ளைகளின் பள்ளிப் பையையும் சந்தைச் சாமானையும் அதன் முன்னால் அடுக்கி அடைத்துவிடுவோம். பிறகு பற்றரி பலவீனமாகிவிட்டது என்று இலட்சக் கணக்கில் செலவழிப்போம். வலிகாமத்துச் செம்மண் தூசி படிகிற ஊரில் அந்த வலையை இடைக்கிடை துப்புரவாக்குவதும் அவசியம்.

ஸ்மார்ட் சாவிக்குள் இருக்கும் வட்டச் செல் தீர்ந்தால் கதவும் திறக்காது. பதற வேண்டாம். அந்தச் சாவிக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. அதை இழுத்தெடுத்துக் கதவைத் திறக்கலாம். பிறகு பிரேக்கை மிதித்தபடி, சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டப் பிடித்து அழுத்தினால் கார் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். இதை வாப்பாவுக்கு நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

டயர் விஷயம்

நான் அதிகம் எழுத விரும்புவது இதைத்தான். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு, பூநகரி வழியாக மன்னாருக்குப் போவது இலகுவாகிவிட்டது. அந்த வழியில் இரு பக்கமும் வெட்ட வெளியும் பற்றைக் காடும். கராஜைக் காண நெடுந்தூரம் போக வேண்டும். மஃரிபுக்குப் பிறகு அங்கே ஒரு டயர் போனால் பிள்ளைகளோடு தனியாக நிற்கும் பெண்ணின் நிலைமை என்ன?

முதலில் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பேர் டயர் இருக்கிறதா? ஜப்பானிலிருந்து வந்த சிறிய கார்கள் பலவற்றில் இல்லை! அதற்குப் பதிலாக ஒரு சிறு காற்றுப் பம்பும், ஓட்டையை அடைக்கும் பசைப் போத்தலும் இருக்கும். அந்தப் பசைக்குக் காலாவதித் திகதி உண்டு. ஏழெட்டு வருடப் பழைய காரில் அது எப்போதோ காலாவதியாகியிருக்கும். ஆணி குத்திய ஓட்டைக்கு அது உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. ஆகவே புத்தளம் போய் வருபவர்கள் ஒரு ஸ்பேர் வீலைத் தனியாக வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வதே உத்தமம். இடம் போகிறதே என்று யோசிக்காதீர்கள்.

காற்றின் அளவை டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அடிக்கக் கூடாது. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு உரியது சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஜப்பான் எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், இலக்கம் நமது இலக்கம்தான். 240 என்றிருந்தால் அது கிலோ பாஸ்கல். ஷெட்டில் சொல்லும் பி.எஸ்.ஐ. கணக்கில் 35. 220 என்றால் 32. காலையில், ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் அடிக்கச் சொல்லிக் காசு கேட்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன்தானே!

டயரின் வயதையும் அதிலேயே படிக்கலாம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூப் பூவாகப் பட்டை இருந்தாலும், யாழ்ப்பாண வெயிலில் பல வருடம் காய்ந்த டயர் வெடித்துப் போகலாம்.

இனி மாற்றும் விதம். தட்டையான, இறுகிய தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மறுபக்கச் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுங்கள். பிள்ளைகளை இறக்கி வீதியிலிருந்து விலக்கி நிறுத்துங்கள். காரைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுழலும், கார் ஜக்கிலிருந்து விழும். கைப் பலம் போதாதென்றால் ஸ்பனரின் நுனியில் காலை வைத்து உடற்பாரத்தைக் கொடுங்கள். வீதியோரம் மணலாக இருந்தால் ஜக் புதைந்துவிடும். ஒரு சாண் அகலமான பனம் பலகைத் துண்டை எப்போதும் டிக்கியில் வைத்திருங்கள். எந்தக் கம்பனியும் காரோடு தராத, ஆனால் குடாநாட்டுக்கு இன்றியமையாத உபகரணம் அது. காரின் அடியில் ஜக் வைப்பதற்கென்று விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு இடையே உறுதியான இடம் இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு நசியும். திரும்பப் பூட்டும்போது நட்டுகளைச் சுற்றி வராமல் எதிர் எதிராக இறுக்குங்கள். ஒரு நாள் வீட்டு முற்றத்தில் இதை ஒரு முறை செய்து பார்த்த பெண், பூநகரியில் நிற்கும்போது அழமாட்டாள்.

கடற்காற்றும் துருவும்

பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் அடிக்கடி போய் வருபவர்களின் கார் மேலே பளபளக்கும், கீழே அரித்துக்கொண்டிருக்கும். மேலே மட்டும் கழுவி என்ன பயன்? அடிப்பகுதியையும் சக்கரங்களின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகும். கதவுகளின் அடி விளிம்பில் மழைத் தண்ணீர் வடிய சிறு துவாரங்கள் உண்டு. செம்மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கதவு உள்ளிருந்து உக்கும். ஈர்க்கு ஒன்று போதும், குத்தி விடுவதற்கு.

ஒயிலைப் பற்றி இரண்டே வார்த்தை. மண்ணெண்ணெய்க் காலத்தவர் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்த பழக்கம் தங்கம் என்றேனே, அந்தத் தங்கம் இன்றும் செல்லும். காலையில் சமதரையில் இழுத்துத் துடைத்து, திரும்பச் செருகி இழுத்துப் பார்த்தால் இரு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒயில் கறுத்துவிட்டது என்பதால் மட்டும் மாற்றத் தேவையில்லை. அழுக்கைத் தாங்குவது அதன் வேலை. ஆனால் ஒட்டோ கியரின் ஒயில் விஷயத்தில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சி.வி.டி. கியருக்கு அதற்கென்றே ஒயில் உண்டு. கராஜில் டின்னைக் காட்டச் சொல்லிப் பெயரை வாசித்த பிறகே ஊற்ற விடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கையில் தரச் சொல்லுங்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

வாப்பாவின் ஸ்பனர் பெட்டி

அது எத்தனை வீடுகளில் இன்னும் இருக்கிறதோ! தடித்த, கறுத்த, இங்கிலாந்து ஸ்பனர்கள். அவை அங்குலக் கணக்கில் செய்தவை. ஜப்பான் காரின் நட்டுகள் மில்லிமீற்றர் கணக்கு. கிட்டத்தட்டப் பொருந்துவது போலத் தோன்றும். பலமாகத் திருப்பினால் நட்டின் தலை உருண்டையாகிவிடும். அதற்குப் பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது. புதிதாக 10, 12, 14 ஆகிய மூன்றையும் வாங்கினால் வீட்டுத் தேவைக்குப் போதும்; பற்றரி முனைக்குப் பத்தாம் இலக்கம்தான். சக்கர நட்டுக்கு டொயோட்டாவில் பெரும்பாலும் 21, சுசுகியில் 19. நெடுங்கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். காற்றழுத்தம் பார்க்கும் சிறு கருவி, தலையில் கட்டும் டோர்ச், பற்றரிக் கேபிள், ஒரு லீற்றர் கூலண்ட், வீதியில் வைக்கும் சிவப்பு முக்கோணம், பழைய துணி, கையுறை, அந்தப் பனம் பலகை. இவை எல்லாவற்றையும் வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் டிக்கியில் திணிக்க வேண்டியதில்லை. முன் பயணி ஆசனத்துக்குக் கீழே தூக்கி எடுக்கும் ஒரு வாளி பல மொடல்களில் இருக்கிறது. அது செருப்பு வைப்பதற்கென்று நினைத்திருந்தீர்களா? சிறு சாமான்கள் அதற்குள் அடங்கும். பலகையும் ஸ்பேர் வீலும் மட்டும் பின்னால்.